ஒரு வாய்க்கு இரண்டு பூட்டு

பாரதியின் பாட்டு இரண்டு முறை பூட்டப்பட்டது. முதல் பூட்டு அரசாங்கத்தினுடையது. 1928இல் பர்மா அரசு அவருடைய பாடல் தொகுப்புக்குத் தடை விதித்தது. சென்னை அரசும் அதே வழியில் போனது. பாரதி பிரசுராலயத்தில் இருந்த பிரதிகளைப் போலீசார் அள்ளிக்கொண்டு போனார்கள். சட்டசபையில் சத்தியமூர்த்தி அந்தத் தடையை எதிர்த்துப் பேசினார். இரண்டாவது பூட்டு இருபது ஆண்டு கழித்து, வெள்ளைக்காரன் போன பிறகு விழுந்தது. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை ஏ.வி. மெய்யப்பன் வாங்கி வைத்திருந்தார். 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைச் சேர்த்தபோது சட்டச் சண்டை மூண்டது. எழுத்தாளர்கள் கூடிக் குரல் கொடுத்தார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் பாரதியின் எழுத்து பொதுமக்கள் எல்லாருக்கும் உரியதாயிற்று.

முதல் பூட்டின் பெயர் தணிக்கை. இரண்டாவதன் பெயர் சொத்துரிமை. தணிக்கை என்றால் நமக்குக் கோபம் வருகிறது. சொத்துரிமை என்றால், ‘அவர் பொருள், அவர் இஷ்டம்’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம். இணையம் இந்த இரண்டு பூட்டையும் ஒரே கதவில் மாட்டிவிட்டது. பாட்டு, படம், கேலிச்சித்திரம், செய்தி விமர்சனம், மீம் எல்லாம் ஒரே கைபேசித் திரையில் வருகின்றன; எல்லாவற்றையும் தாங்கி நிற்பவை நாலைந்து பெரிய நிறுவனங்கள். அந்த நிறுவனங்களின் கையை முறுக்கினால் போதும், எந்தக் குரலையும் நிறுத்திவிடலாம்.

இந்தியாவில் இந்த இரண்டு பூட்டுகளும் எப்படி வளர்ந்தன, எங்கே ஒன்றோடொன்று கைகோத்தன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. நான் வந்து சேர்ந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேச்சை அடக்க நினைப்பவர் நேர்வழியில் போனால் நீதிமன்றமோ அரசாணையோ வேண்டும். பதிப்புரிமை வழியில் போனால் ஒரு புகார்க் கடிதம் போதும். இந்தக் குறுக்குவழி இருக்கும்வரை பேச்சுரிமைக்கு நீதிமன்றத்தில் கிடைக்கும் வெற்றிகள் பாதி வெற்றிகளே.

சட்டம் தருவதும் விட்டுவைப்பதும்

1710இல் இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில் பிறந்த சட்டம்தான் நவீனப் பதிப்புரிமையின் மூத்த பாட்டி. அந்த மரபில் நம் நாட்டில் 1914ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1957இல் சொந்தச் சட்டம் இயற்றினோம். 1958 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும் என்று இருந்த காலம், 1992இல் 60 ஆண்டாக நீண்டது. தாகூரின் எழுத்துகள் மீது விஸ்வபாரதிக்கு இருந்த உரிமை 1991 முடிவில் காலாவதியாக இருந்ததே அதற்குக் காரணம். ஒரு கவிஞரை முன்னிட்டு நாட்டிலுள்ள எல்லா எழுத்துக்கும் பத்தாண்டுப் பூட்டு கூடுதலாகப் போடப்பட்டது. அதற்கு நாலு பத்தாண்டு முன்னால் பாரதிக்காகப் பூட்டை உடைத்ததும் இதே நாடுதான்.

ஆனால் பதிப்புரிமை முழுச் சொத்து ஆகாது. வீட்டையோ வயலையோ போல் ‘யாரும் நுழையாதே’ என்று பலகை மாட்ட அதில் இடமில்லை. கருத்துக்கு உரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்கே உரிமை என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டத்தின் 52ஆம் பிரிவு, அனுமதி கேட்காமலே செய்யத்தக்கவற்றைப் பட்டியல் போடுகிறது. சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம். ஆசிரியர் மாணவருக்குப் பாடம் நடத்துவதற்காகப் படியெடுக்கலாம். இந்த இடைவெளியில்தான் பேச்சுரிமை மூச்சு விடுகிறது.

அந்த இடைவெளியை நம் நீதிமன்றங்கள் சில முறை அகலமாகவே திறந்துவைத்திருக்கின்றன. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952இல் கேரளத்தை உலுக்கிய நாடகம். அதற்கு எதிர் நாடகம் ஒன்றை சிவிக் சந்திரன் எழுதினார். மூல நாடகத்தின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தே மூல நாடகத்தைக் கேள்வி கேட்டார். வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருடுவதற்காக எடுக்கவில்லை, விமர்சிப்பதற்காகவே எடுத்திருக்கிறார் என்று 1996இல் நீதிமன்றம் நாடகத்துக்கு வழிவிட்டது. அடுத்தது, டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கு. பாடத் தொகுப்புகளை நகலெடுத்துக் கொடுப்பது கல்விக்கான விதிவிலக்கில் அடங்கும் என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இருந்தாலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கேலி, பகடி, கலவை என்ற சொற்களே நம் 52ஆம் பிரிவில் இல்லை. 2019 மே மாதக் கடைசியில் உலகமே ‘நேசமணிக்காகப் பிரார்த்தித்தது’ நினைவிருக்கலாம். 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியல், பதினெட்டு ஆண்டு கழித்து இணையத்தில் மறுபடி விழுந்தது. தமிழன் கண்டெடுத்த மிக உயிரோட்டமான புதிய கலைவடிவம் மீம். அதன் மூலப்பொருள் முழுக்கத் திரைப்படச் சட்டகங்கள். சட்டப்படி பார்த்தால் அந்த ஒவ்வொன்றும் அனுமதியில்லாத படி. விமர்சனமா, செய்தியா என்று வாதாடித்தான் காப்பாற்ற வேண்டும். இதுவரை யாரும் பெரிதாக வழக்குப் போடவில்லை என்பது தயாரிப்பாளர்களின் பெருந்தன்மை. மீம் படைப்பவரின் உரிமை அல்ல. பெருந்தன்மை என்றைக்கு வேண்டுமானாலும் தீர்ந்துபோகலாம்.

கொலவெறியும் அசோக் குமாரும்

2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ யூடியூபில் வந்தது. கொஞ்சம் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்த அந்தப் பாட்டை உலகம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ரசிகர்கள். பெண் குரலில், குழந்தைக் குரலில், அரசியல் கேலியாக, கல்லூரி விழாப் பாட்டாக எண்ணற்ற மறுபிறவிகள் எடுத்தது. பகிர்வதால் பொருள் தேயாது, பெருகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் 2012 மார்ச்சில் வெளியானது. படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றாமல் தடுக்கத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்கூட்டியே உத்தரவு வாங்கினார். எதிரி யார் என்று தெரியாத வழக்குகளில் எதிரிக்கு ஒரு கற்பனைப் பெயர் வைப்பது வழக்கம். அமெரிக்காவில் ஜான் டோ. நம் நாட்டில் அசோக் குமார். ஆகவே இவற்றுக்கு ‘அசோக் குமார் உத்தரவு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. உத்தரவைக் கையில் வாங்கிய இணைய சேவை நிறுவனங்கள், குறிப்பிட்ட பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்காமல் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை அப்படியே சாத்திவிட்டன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். குறும்படம் எடுத்து விமியோவில் வைத்திருந்த இளைஞனுக்கும் ‘3’ படத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் வழக்கில் கட்சிக்காரனும் இல்லை. அவனுக்குச் சொல்ல ஆளும் இல்லை. அந்த ஜூன் மாதம், முழுத் தளத்தையும் முடக்கக் கூடாது, திருட்டுப் படி இருக்கும் முகவரியை மட்டுமே முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது.

விளக்கம் வந்தும் பாடம் படியவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுகளின் பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அதில் ஒன்று இன்டர்நெட் ஆர்கைவ். பழைய நூல்களையும் இதழ்களையும் அழிந்துபோன இணையப் பக்கங்களையும் சேமித்து வைத்திருக்கும் உலகப் பொது நூலகம் அது. அச்சில் கிடைக்காத தமிழ்ப் புத்தகத்தைத் தேடும் ஆய்வு மாணவர் முதலில் தட்டுகிற கதவு. அந்தக் கதவு சில நாள் சாத்தியே கிடந்தது. நூலகத்தில் எவனோ திருட்டு சி.டி.யை ஒளித்து வைத்தான் என்று நூலகத்தையே சீல் வைத்தது போல.

நீதிபதிகள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. 2016இல் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், சரிபார்த்த முகவரிப் பட்டியல் இல்லாமல் தளத்தை முடக்கச் சொல்ல மாட்டேன் என்று கறாராக நின்றார். 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழி கண்டது. திருட்டையே தொழிலாகக் கொண்ட தளங்கள் எவை என்று அடையாளம் காணச் சில அளவுகோல்களை வகுத்தது; அவை பெயர் மாற்றி மறுபடி முளைத்தால் புது வழக்கில்லாமல் முடக்கலாம் என்றது. திருடனுக்கு இது சரியான மருந்து. ஆனால் மருந்துச் சீட்டில் தவறாக எழுதப்பட்ட பெயருக்கு முறையிட எங்கே போவது என்பதற்கு மட்டும் தெளிவான விடை இல்லை.

திருட்டுப் படம் கற்பனைப் பூதம் என்று நான் சொல்ல வரவில்லை. படம் வெளியான அன்றே இணையத்தில் கசிந்தால் வட்டிக்குப் பணம் வாங்கிய தயாரிப்பாளர் நடுத்தெருவுக்கு வருவார். திருட்டு வி.சி.டி. காலத்திலேயே, 2004இல், தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, படத் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதம் என்கிறது. கடுமைக்குக் குறைவே இல்லை. குறி தவறும்போது யார் மேல் படுகிறது என்பதுதான் கேள்வி.

பேச்சுக்கு ஒரு வாசல், பாட்டுக்கு ஒரு வாசல்

இனி அரசாங்கப் பூட்டைப் பார்ப்போம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் திருத்தம் செய்து சேர்த்த 66ஏ பிரிவு, ‘எரிச்சலூட்டும்’ செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. எரிச்சலுக்கு எந்தத் தராசு? 2012 அக்டோபரில் அன்றைய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒருவர் கைதானார். அடுத்த மாதம் பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பை ஃபேஸ்புக்கில் கேள்வி கேட்ட இளம்பெண் ஒருவரும், அதற்கு விருப்பக்குறி போட்ட தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள்.

2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ பிரிவை முழுதாக நீக்கினார்கள். இந்திய இணையப் பேச்சுரிமையின் மைல்கல் அது. அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் உண்டு. யூடியூப், ஃபேஸ்புக் போன்ற இடைநிலை நிறுவனங்கள், பயனர் ஏற்றிய பதிவுக்காகத் தண்டனை பெறாமல் 79ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் பதிவு சட்டவிரோதமானது என்று ‘அறிந்த’ பின் நீக்க வேண்டும். அறிவது எப்படி? எவர் வேண்டுமானாலும் புகார் அனுப்பினால் அறிந்ததாகிவிடுமா? இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிக்கையோ வந்தால்தான் அறிந்ததாகப் பொருள். கோடிக்கணக்கான புகார்களில் எது நியாயம் என்று ஒரு நிறுவனம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே காரணம்.

அருமையான காவல். ஆனால் பதிப்புரிமைக்கு இந்தக் காவல் இல்லை. மறு ஆண்டு மைஸ்பேஸ் என்ற இணையதளத்தின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு சொன்னது. தளத்தில் எங்கோ திருட்டுப் பாட்டு இருக்கலாம் என்ற பொதுவான சந்தேகத்துக்காகத் தளத்தைத் தண்டிக்க முடியாது என்பது முதலாவது. அது பேச்சுரிமைக்கு நல்லது. உரிமையாளர் குறிப்பிட்ட பதிவைச் சுட்டிக்காட்டினால் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் நீக்க வேண்டும் என்பது இரண்டாவது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமும் 2013 விதிகளும் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தன. புகார் வந்தால் சில வகைச் சேமிப்புகளில் 36 மணி நேரத்துக்குள் மூடு; 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திறக்கலாம்.

21 நாள்! தேர்தல் சமயத்தில் ஓர் அரசியல் விமர்சன வீடியோவுக்கு 21 நாள் என்றால் அது ஆயுள் தண்டனை. அப்புறம் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? ஒரே வீடியோவை ‘என்னை அவதூறு செய்கிறது’ என்று நீக்க நினைப்பவர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். ‘அதில் என் காட்சி எட்டு விநாடி இருக்கிறது’ என்று சொன்னால் படிவம் நிரப்பினால் போதும். கெட்டிக்காரன் எந்த வாசலைத் தட்டுவான்?

நீதிபதி நாற்காலியில் இயந்திரம்

சட்டப் புத்தகத்தில் இருப்பது இவ்வளவு. தளங்களின் அன்றாட நடைமுறையோ இதையும் தாண்டிப் போய்விட்டது. யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி, ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவையும் உரிமையாளர்கள் கொடுத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ மறையும். பாட்டை அப்படியே ஏற்றியவனையும், பாட்டின் நாலு விநாடியை ஒலிக்கவிட்டு ராகத்தை விளக்கியவனையும் இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது. நியாயமான பயன்பாடு என்பது நோக்கத்தைப் பொறுத்தது. இயந்திரத்துக்கு ஒலி தெரியும், நோக்கம் தெரியாது.

இதற்கு மேலே கையால் கொடுக்கும் புகார் இருக்கிறது. நம் யூடியூபர்கள் ‘காப்பிரைட் அடிச்சிட்டாங்க’ என்று சொல்வது இதைத்தான். 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும். பல ஆண்டு உழைப்பும் அதோடு போகும். எதிர்முறையீடு செய்யலாம். அதற்குத் தன் பெயரையும் முகவரியையும் புகார்தாரரிடம் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வழக்குக்குத் தயார் என்று சம்மதிக்க வேண்டும். மதுரையில் ஓர் அறையில் உட்கார்ந்து வீடியோ செய்கிறவர் இதைப் படித்ததும் என்ன செய்வார்? வீடியோவைத் தானே எடுத்துவிடுவார்.

2025 மே மாதம் யூடியூபர் மோகக் மங்கல் கிளப்பிய விவகாரம் இந்தச் சிக்கலைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சில விநாடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காக ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஸ்டிரைக் கொடுத்துவிட்டு, அவற்றை நீக்கப் பல லட்சம் ரூபாய்க்கு உரிமம் வாங்கச் சொன்னதாக அவர் குற்றம் சாட்டினார். தன் சொத்தைக் காக்கும் சட்டபூர்வ உரிமையையே பயன்படுத்துவதாக ஏ.என்.ஐ. பதில் சொன்னது, அவர் மீது அவதூறு வழக்கும் தொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் பாடு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. நடப்புச் செய்தியை அலசுவதற்காகச் சில விநாடி எடுப்பது 52ஆம் பிரிவின்படி சரியா என்ற கேள்விக்கு நீதிபதி விடை சொல்வதற்கு முன்பே, சேனல் உயிரோடு இருக்குமா என்ற கேள்வி பேரத்தில் முடிந்துவிடக்கூடும். சட்டத்தின் பாதுகாப்பு நீதிமன்றத்தில் இருக்கிறது. தண்டனையோ தளத்திலேயே நடந்துவிடுகிறது.

அமெரிக்கா இதே குழியில் முன்பே விழுந்த நாடு. அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம்தான் ‘புகார் கொடு, நீக்கு’ முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 2007இல் ஒரு தாய், பாடகர் பிரின்ஸின் பாடலுக்குத் தன் குழந்தை ஆடிய 29 விநாடி வீடியோவை ஏற்ற, இசை நிறுவனம் நீக்க வைத்தது. எட்டு ஆண்டுச் சட்டப் போராட்டத்துக்குப் பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: புகார் கொடுப்பதற்கு முன், அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும்.

அரசின் கை

66ஏ போனதும் அரசுகள் ஓய்ந்துவிடவில்லை. அதே 2015இல் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைதானார்; அந்தப் பாட்டுகள் இணையத்தில்தான் பரவியிருந்தன. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை வைத்துக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா, ஆபாசத்துக்கு எதிரான 67ஆம் பிரிவையும் சேர்த்துக் கைது செய்யப்பட்டார். ஒரு சாவி தொலைந்தால் கொத்தில் இன்னொன்று இருக்கிறது.

கேலிச்சித்திரத்துக்கும் அதிகாரத்துக்கும் தமிழில் பழைய பகை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே சில நாளில் விடுவித்தார்கள். பின்னர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடும் தரச் சொன்னது. 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இணைய இதழ், பிரதமர் மோடி கையில் விலங்கோடு டிரம்ப் அருகில் உட்கார்ந்திருப்பதாகச் சித்திரம் வெளியிட்டது. இந்தியர்களை அமெரிக்கா விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய சமயம் அது. பிப்ரவரி 15 இரவு முதல் விகடனின் முழு இணையதளமும் வாசகர்களுக்குத் திறக்கவில்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1987இல் தண்டனை ஊரறிய நடந்தது. ஆசிரியர் சிறைக்குப் போனார், நாடு பார்த்தது. 2025இல் யாரும் சிறைக்குப் போகவில்லை. திரையில் ஒரு வெற்றுப் பக்கம் மட்டும் தெரிந்தது. ஒரு சித்திரத்துக்காகப் பல ஆண்டுச் செய்தியும் கதையும் மருத்துவக் கட்டுரையும் சேர்ந்து மறைந்தன. ‘3’ படத்துக்காக விமியோ போனது போலவே. பூட்டு வேறு, பூட்டும் பழக்கம் ஒன்றே.

முடக்கும் அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இருக்கிறது. எழுத்தில் காரணம், குழு விசாரணை, பதிவிட்டவருக்கு வாய்ப்பு ஆகிய காப்புகள் இருப்பதால்தான் உச்ச நீதிமன்றம் 2015இல் அதை விட்டுவைத்தது. ஆனால் அதே விதிகள் உத்தரவை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. ரகசிய உத்தரவை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது? உள்துறை அமைச்சகம் 2024இல் தொடங்கிய சஹ்யோக் தளம் 79ஆம் பிரிவின் வழியாகவே நீக்க அறிவிக்கைகளை அனுப்புகிறது. 69ஏ காப்புகளைச் சுற்றிப் போகும் வழி இது என்று எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே, மூத்த அதிகாரிகள்தான் இத்தகைய அறிவிக்கை அனுப்பலாம், காரணம் சொல்ல வேண்டும் என்று அரசு விதியைத் திருத்தியது. திருத்தம் தேவைப்பட்டதே, எதிர்த்தவர்களின் அச்சத்தில் கொஞ்சமாவது நியாயம் இருந்ததைக் காட்டுகிறது.

எதிர்த்து நின்று வென்றவர்களும் உண்டு. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி ஊடகங்களுக்கு நெறிமுறையும் மேற்பார்வையும் விதித்தபோது, பாடகர் டி.எம். கிருஷ்ணா சென்னை உயர் நீதிமன்றம் போனார். முக்கியமான உட்பிரிவுகளுக்கு அவ்வாண்டு செப்டம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. அரசைப் பற்றிய செய்தி உண்மையா பொய்யா என்று அரசே முத்திரை குத்தும் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்தவர் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாடகரும் கோமாளியும் வழக்காடி, பத்திரிகைகளுக்கும் சேர்த்து உரிமை வாங்கிக்கொடுத்தார்கள்.

படைத்தவன் பக்கம்

இவ்வளவு சொன்ன பிறகு, பதிப்புரிமையே வேண்டாம் என்று முடிப்பது சுலபம். அது அநியாயம். சட்டத்தின் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவன் கலைஞன். திரைப்பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தபோது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி இசைக்கலைஞர்களுக்காக இரங்கினார். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமத்தொகைப் பங்கு கிடைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகப் போராடினார். 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும், 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கும் இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே அவரைக் கேலி செய்தது. ஒரு படம் ‘குணா’ பாட்டால் உயிர்பெற்றால், பாட்டைப் படைத்தவர் பங்கு கேட்பது பேராசையா? வணிகத்தில் இன்னொரு வணிகரிடம் காசு கேட்பது ஒன்று. விமர்சகனின் வாயை மூடுவது வேறொன்று. சட்டம் இரண்டுக்கும் ஒரே கருவியைக் கொடுத்திருப்பதுதான் கோளாறு.

செயற்கை நுண்ணறிவு வந்த பின் இந்த வேறுபாடு இன்னும் அவசரமாகிவிட்டது. 2024இல் ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏ.ஆர். ரகுமான் இயந்திரத்தால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்தார். சட்டம் வற்புறுத்துவதற்கு முன்பே ஒரு கலைஞர் காட்டிய மரியாதை அது. எல்லாரும் ரகுமானாக இருக்க மாட்டார்கள் என்பதால்தான் சட்டம் வேண்டும்.

உரிமையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழே சான்று. பாரதியில் தொடங்கிய நாட்டுடைமை நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களுக்கு நீண்டிருக்கிறது; வாரிசுகளுக்கு அரசு தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மலிவுப் பதிப்பாக, ஒலிநூலாக, சித்திரக்கதையாக, 2022இல் திரைப்படமாக எத்தனை உருவம் எடுத்தது! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து தட்டச்சு செய்து பழைய நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். ஈழத்து நூல்களை நூலகம் திட்டம் காத்துவருகிறது. படைத்தவனுக்குக் கூலி, படிப்பவனுக்குத் திறந்த கதவு என்ற இந்த ஏற்பாடு நம் கையிலேயே விளைந்த மாதிரி.

செய்ய வேண்டியவை

முதலாவது, 52ஆம் பிரிவில் பகடியையும் கேலியையும் வணிக நோக்கமற்ற கலவையையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கனடா 2012இலும் பிரிட்டன் 2014இலும் பகடிக்கு இடம் கொடுத்தன. சாதாரணப் பயனர் செய்யும் கலவை வீடியோக்களுக்கும் கனடா தனி விதிவிலக்குத் தந்தது. அங்கெல்லாம் திரைத்துறை அழிந்துவிடவில்லை.

இரண்டாவது, பதிவிட்டவரின் சொல்லைக் கேட்காமல் நீக்கக் கூடாது. முழுப் படத்தையும் ஏற்றுகிற அப்பட்டமான திருட்டை உடனே எடுக்கட்டும். சில விநாடி எடுத்தாளும் விமர்சனத்துக்கு, முதலில் அறிவிக்கை போகட்டும். பதில் வந்தபின் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, மேற்கோள், விமர்சனம், பகடி ஆகியவற்றைத் தளங்கள் தடுக்கக் கூடாது, முறையீட்டை மனிதர் பார்க்க வேண்டும் என்கிறது.

மூன்றாவது, நீதிமன்றமானாலும் அமைச்சகமானாலும் முகவரியை மட்டுமே முடக்க வேண்டும். தளத்தை முடக்குவது விதிவிலக்காக, காரணத்தோடு, ஊரறிய நடக்க வேண்டும். தவறாக அகப்பட்டவர் எங்கே முறையிடலாம் என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும்.

நான்காவது, பொய்ப் புகாருக்கு விலை வைக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் பதிப்புரிமை மிரட்டல் விடுப்பவர் மீது மிரட்டப்பட்டவர் வழக்குத் தொடுத்துத் தடையும் இழப்பீடும் பெறலாம் என்கிறது. யூடியூப் ஸ்டிரைக்கும் அப்படிப்பட்ட மிரட்டலே என்று விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் பின்தொடரும் ஒரு விமர்சகரின் வீடியோ ‘பதிப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டது’ என்ற அறிவிப்போடு கறுத்துக் கிடந்தால், அது ஏதோ தொழில்நுட்பச் சங்கதி என்று அடுத்ததைத் தள்ளாதீர்கள். புகார் கொடுத்தது யார், அந்த வீடியோ யாரைப் பற்றியது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். இரண்டு விடையும் ஒரே பெயராக இருந்தால், அங்கே காக்கப்படுவது படைப்பு அல்ல.